தங்கச்சியின் கைக்கு ஒரு துவக்கு

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் ரொறொன்ரோவில், மில்லிக்கனில் எங்கள் தெருவில் இருக்கிற படித்த மனிசர் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் மாற்ற முதலும், கூரை போட முதலும் என்னிடம் வந்து ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஐந்தாறு பேரோடு படுத்தெழும்பி, இரும்பு கடைகிற மெஷின் ஷொப் ஒன்றில் தரை கூட்டத் தொடங்கியவன் நான். பிறகு அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாக நடத்தினேன். ஒரு இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால், அதைக் கடைந்தவன் அவசரத்தில் கடைந்தானா, ஆறுதலாகக் கடைந்தானா என்று சொல்லுவேன். இது பெருமைக்குச் சொல்கிற கதையில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அதனால்தான் அமெரிக்காவில் இருக்கிற என் தங்கச்சிக்குக் கைத்துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, ஒன்று தேவைப்பட்டபோது, அதைத் தெரிவு செய்கிற வேலை என்னிடம் வந்தது.

அவளும் புருசனும் டெட்ரோயிட்டுக்கு வெளியே ஒரு காஸ் ஸ்ரேசனும் அதோடு சேர்ந்த சின்னக் கடையும் வைத்திருக்கிறார்கள். ஒரு விடியற்காலை கடை திறந்த கையோடு இரண்டு பேர் உள்ளே வந்து, மச்சானைக் கீழே தள்ளி, தோளிலே இரும்புக் கம்பியால் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு ஒப்பரேசன் செய்தும் அவருடைய வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. அதற்குப் பிறகு விடிய கடை திறக்கிறது அவள்தான். தனியத்தான் திறக்கிறாள். கடையை விற்கவும் ஏலாது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை.

அந்த ஊர்ச் சட்டப்படி கடைக்காரர் துவக்கு வைத்திருக்கலாம். அவள் அதற்கான வகுப்புக்கும் போய் முடித்திருந்தாள். "அண்ணை, எது நல்லதெண்டு எனக்கென்ன தெரியும்? நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். இங்கே கனடாவிலே கைத்துவக்கு இப்போது வாங்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. வீட்டுக் காவலுக்கு வேணும் என்று போய்க் கேட்டால், கேட்டவனைத்தான் பொலிஸ் முதலில் விசாரிக்கும். அதனால் எனக்கும் அதைப் பற்றி முன்னம்பின்னம் தெரியாது. தெரியாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இரும்பு இரும்புதானே.

அஜின்கோர்ட்டில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் கோப்பி குடிக்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே கதையை எடுத்தேன்.

"ஒன்பது மில்லிமீற்றர் காணும் அண்ணை. பொலிஸ்காரரே அதைத்தானே வச்சிருக்கினம்" என்றான், வாழ்நாளில் துவக்கைத் தொடாத ஒருத்தன்.

"உவனுக்கு எல்லாம் தெரியும். ரீவியிலை பாத்துப் பாஸ் பண்ணினவன்" என்றார் இன்னொருத்தர். "அண்ணை, பேசாமல் ஊரிலை காட்டுப்பண்டி சுடுற இடியன் துவக்கு ஒண்டு குடுங்கோ. குழாய்க்குள்ளை வெடிமருந்து இடிச்சு முடிக்க முதல் கள்ளனுக்கு அலுப்புத் தட்டி அவனே போயிடுவான்."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மச்சானைப் பார்க்கப் போனபோது, அவர் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்கிக் குடித்ததை நான் பார்த்துவிட்டு வந்தவன்.

வீட்டில் என் மனிசிக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை. "துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்றாள்.

"அவள் தனியக் கடை திறக்கிறாள்."

"அது தெரியும். அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன்."

நாலு மணித்தியாலம் கார் ஓடிப் போனேன். தங்கச்சி என்னைத் துவக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்வைத்தியர் வீட்டு ஆயுதங்கள் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் என் வயதுக்கார வெள்ளைக்காரர். முதலில் பிளாஸ்ரிக் உடம்பு வைத்த ஒன்றை எடுத்துத் தந்தார். பாரமில்லை. விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. றிவோல்வர் ஒன்றைத் தந்தார். ஐந்து ரவைதான், ஐந்து குண்டுதான் பிடிக்கும் என்றார். நான் அதையும் தள்ளி வைத்தேன்.

மூலையிலே முழு இரும்பில் செய்த ஒன்று கிடந்தது. நாப்பத்தைந்து என்று சொல்கிற பெரிய ரவை போகிற பிஸ்டல். எடுத்துக் கையில் வைத்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகம் இருக்கிறதே, அதை ஸ்லைட் என்பார்கள், அதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஒரு தலைமுடி அளவுக்கும் ஆட்டமில்லை. விளிம்பெல்லாம் விரலில் பிடிக்காமல் தேய்த்திருந்தார்கள். அதை ஆறுதலாக இருந்து செய்திருக்கிறான் ஒருத்தன். முதல் ரவையை ஏற்றுவதற்கு அந்த ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். இழுத்தேன். ஸ்பிரிங் நல்ல விறைப்பு. விறைப்பான ஸ்பிரிங் நம்பலாம், அது என் தொழில் எனக்குச் சொல்லித் தந்தது.

"இதுதான்" என்றேன். "இது ஒருநாளும் காலை வாராது. ஒரு வெடி வச்சால் காணும், ஆள் எழும்பமாட்டான்."

கடைக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கி, தங்கச்சி பக்கம் நீட்டினார். "வாங்கப் போறது இந்த அம்மா. அவவை இழுத்துப் பாக்கச் சொல்லுங்கோ" என்று இங்கிலீசில் சொன்னார். அவள் வாங்கி இரண்டு கையாலும் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று, "இப்பிடிப் பிடிக்கவேணும்" என்று திரும்ப வாங்கி இழுத்துக் காட்டினேன். கடைக்காரர் றிவோல்வரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

அவள் துவக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாயிருக்கு அண்ணை" என்றாள்.

அன்றைக்கு அதை அவள் தன் பெயரில் எடுத்தாள். நான் ரொறொன்ரோவுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க மனம் லேசாக இருந்தது. கோப்பிக் கடையில் அந்த இரும்பைப் பற்றி இரண்டு கிழமை கதைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. அவள் விடிய கடை திறக்கிறபோது எனக்குப் போன் எடுப்பாள். போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைச் செய்வாள். இரும்புக் கதவு மேலே உருளுகிற சத்தம் கேட்கும். கோப்பி மெஷினுக்குத் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்கும். கடைசியில், "எல்லாம் சரி அண்ணை" என்பாள். நான் வைத்துவிடுவேன்.

"சுட்டுப் பழகினியோ?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஓம் அண்ணை. போய்ச் சுட்டனான்."

"சுடேக்கை இடையிலை சிக்கி இறுகினதோ?"

"ஒண்டு ரெண்டு தரம். அது புதுசுதானே."

இறுகாது என்று நான் தெரிவு செய்த துவக்கு. எனக்கு அது நெஞ்சுக்குள் ஒரு சிராய் மாதிரிக் கிடந்தது. ஆனால் புது இரும்பு ஓடி ஓடித்தான் படியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பேத்தி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். கடையைத் தெரிந்த ஒருத்தரிடம் விட்டுவிட்டு, துவக்கை அங்கேயே பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வந்தார்கள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. வீடு நிறையச் சனம். நான் குசினி வாசலில் நின்று ஆரோடோ கதைத்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி ஒரு தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறக்க முயன்றாள். சேலைத் தலைப்பால் மூடியைச் சுற்றிப் பிடித்தாள். பிறகு ஒருத்தரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை மெல்ல என் மனிசியின் பக்கம் தள்ளினாள். மனிசி ஒரு திருகில் திறந்து, திருப்பித் தள்ளினாள். இரண்டு பேருக்கும் அது பழக்கப்பட்ட வேலை மாதிரி இருந்தது.

இதையெல்லாம் கவனிக்கிற கண் எனக்கு இருக்கிறது. ஒரு மெஷின் சத்தம் மாறினால் ஷொப்பின் அடுத்த மூலையில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

சனம் போன பிறகு அவளைக் கராஜுக்குக் கூப்பிட்டேன். என் பழைய வேலை மேசையும் குறடும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டிக்குள் கிடந்த ஸ்பிரிங்குகளில் ஒன்றை எடுத்து, "இதை அமத்து பாப்பம்" என்று கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் அமர்த்தினாள். ஸ்பிரிங் அசையவில்லை. பெருவிரல் மூட்டு இரண்டும் வீங்கி, தேய்ந்த புளியங்கொட்டை மாதிரிப் பளபளத்தன. அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச வருசம். குளிருக்குக் கூடும்."

"அந்தத் துவக்கை எப்பிடி இழுக்கிறாய்?"

அவள் ஸ்பிரிங்கை மேசையில் வைத்து, அது உருண்டு விழாமல் விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான் இழுத்துத் தாறவரோ?"

"அவருக்கு எங்கை அண்ணை ஏலும், அந்தக் கையோடை."

"அப்ப?"

"கடைக்குப் பாண், பணிஸ் கொண்டுவாற லொறிக்காரர் ஒருத்தர் வருவார். நல்ல மனிசன். அவர் வந்தாப் பிறகு இழுத்துத் தருவார்."

"அவன் வரும் வரைக்கும்?"

"சும்மா மேசைக்குக் கீழை கிடக்கும்."

அவர்களை அடித்தவர்கள் கடை திறந்த கையோடுதான் வந்தவர்கள். பாண் லொறி வருவதற்கு முதல். அந்த நேரத்தில்தான் அவள் போனை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சுடப் போனபோது இறுகினதெண்டியே?"

"அங்கை நிண்டவர்தான் இழுத்துத் தந்தவர். அவர் சொன்னவர், கை உறுதியா நிண்டால்தான் ஸ்லைட் திரும்ப முன்னுக்கு ஓடுமாம். என்ரை கை பின்னுக்குப் போகுதாம். துவக்கிலை பிழையில்லையாம்." அதைச் சொன்னபோது எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு தூரம் ஓடி வந்து பாத்து எடுத்துத் தந்தது அண்ணை."

மனிசி கராஜ் கதவடியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "இஞ்சருங்கோ, நீங்கள் எடுத்துக் குடுத்த எதையாவது அவ வேண்டாமெண்டு சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீங்களோ?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கலியாணச் சேலை நான் எடுத்தது. மாப்பிள்ளை நான் பார்த்தது. அவர்களுடைய முதல் கார், ஃபிரிஜ், கடையின் பூட்டுக்கூட நான் சொல்லி வாங்கியது. எல்லாம் நல்ல சாமான். இன்றைக்கும் அதில் ஒன்றையும் பிழை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றுக்கும் அவள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நல்லாயிருக்கு என்று சொன்னவள். அப்பா செத்த நாளிலிருந்து நான்தான் அவளுக்குத் தகப்பன். நான் மட்டும் இல்லை, எங்கள் சனத்தில் மூத்தவன் எடுத்துக் கொடுத்ததைத் தங்கச்சி திருப்பிக் கொடுக்கமாட்டாள். சேலைக்கு அது சரி.

அடுத்த நாள் அவர்களோடு நானும் புறப்பட்டேன். என் காரில் மனிசியும் வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கச்சி கடையிலிருந்து அந்தப் பெரிய பிஸ்டலை எடுத்துக்கொண்டு வர, அதே துவக்குக் கடைக்குப் போனோம். காரை நிறுத்தியவுடனே அவள் இறங்கி, வழமை மாதிரி நான் முன்னே நடக்கட்டும் என்று நின்றாள்.

"நீ போ" என்றேன்.

"நீங்கள்?"

"நான் இதிலை இருக்கிறன்."

"அண்ணை, எனக்கு ஒண்டும் தெரியாது."

"இழுக்கத் தெரிஞ்சால் காணும். உன்ரை கையாலை இழுபடுறதை எடு. அந்தாளைக் கேள். என்னைக் கேக்காதை."

உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். என் முகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதை மாற்ற எனக்குத் தெரியாது. அதனால் காருக்குள் இருந்தேன். இருந்தது லேசில்லை. கண்ணாடிக்குள்ளால் அவளுடைய முதுகும் கடைக்காரருடைய மொட்டைத் தலையும் தெரிந்தன. ஒன்றை வைத்து இன்னொன்றை எடுத்தாள். ஒருமுறை திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். நான் கண்ணை வேறு பக்கம் எடுத்தேன். மனிசி பின்சீற்றில் இருந்தபடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். துவக்குக்காகவா, துவக்குக்கு எதிராகவா என்று நான் கேட்கவில்லை.

நல்ல நேரம் கழித்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். பழையதை அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

"பாக்கிறீங்களோ அண்ணை?"

என் கை எழும்பப் பார்த்தது. "வேண்டாம். இழுத்தியோ?"

"கன தரம் இழுத்தனான். அந்தாளே சிரிச்சுப்போட்டு, காணும் அம்மா எண்டவர். பிறகு பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுடவும் விட்டவர். இறுகேல்லை."

"சின்ன ரவையோ?"

"சின்னதுதான்" என்றாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள்.

எனக்கு இன்றைக்கும் பெரிய ரவையில்தான் நம்பிக்கை. அந்த நாப்பத்தைந்து மாதிரி ஒரு இரும்பு வேலையை நான் அதற்குப் பிறகு காணவில்லை. அவளுடைய கைக்கு அது சரிவராது. அவ்வளவுதான்.

இப்போதும் விடிய போன் வரும். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இரும்புக் கதவு மேலே உருளும். அதற்கும் கோப்பி மெஷினுக்கும் இடையில் இப்போது புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது. ஸ்லைட் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்து அடிக்கிற சத்தம். ஒரே இழுவை, நடுவில் தயக்கமில்லை. அந்தச் சத்தத்தை வைத்தே ஸ்பிரிங் எவ்வளவு மெல்லியது என்று என்னால் சொல்ல முடியும். அவளிடம் சொன்னதில்லை. அதை அவள் ஒருநாளும் சுடவேண்டி வரக்கூடாது என்று மாதாவைக் கேட்பேன். அதையும் அவளிடம் சொன்னதில்லை.

"எல்லாம் சரி அண்ணை" என்பாள்.

"ஓம், கேட்டனான்" என்பேன். பாண் லொறி வந்து நிற்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் போனை வைக்கமாட்டேன்.