நல்ல வேனைத் தள்ளிய பிள்ளைகள்

அப்துல் ஸமத்துக்கு அலுத்துவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனிதர். மாத்தளைக்கு அடுத்த அலுவிகாரையில் ஒரு வீடு, வாசலில் ஒரு பழைய டீசல் வேன், கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்காலில் வந்த வலி, இவ்வளவுதான் அவருக்கு மிச்சம். அந்த வேன் ஒருநாளும் கிளம்பாமல் மக்கர் பண்ணியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாள்தான் மனுஷனுக்கு வினையாகிப்போனது.

அன்று மாத்தளை டவுனில் இருக்கும் பெண்கள் கல்லூரியின் பேஸ்போல் அணியைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டரி வயர் கழன்று கிடந்ததை அவர் பார்க்கவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளித்தான் வேன் கிளம்பியது. அதுவரை போன இடமெல்லாம் தோற்றுக்கொண்டு வந்த அணி, அன்று ஒன்பதுக்கு இரண்டு என்று வென்றது. சும்மா விடுவார்களா? அன்றிலிருந்து போட்டிக்குப் புறப்படுமுன் வேனைத் தள்ளியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

சட்டம் அது ஒன்றுதானா! தலைவி வாகினி, முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டும்வரை கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் இருப்பாள். போன போட்டியில் பந்தைத் தவறவிட்டவளுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு கடலை ஊட்டவேண்டும். பந்தெறிகிற நுஸ்லா, வீட்டு வாசலைத் தாண்டினால் முதல் பந்து எறியும்வரை வாயே திறக்கமாட்டாள். நடுவர் வந்து அவள் பெயரைக் கேட்டாலும் தலையாட்டல்தான். இந்தக் கூத்துக்கு நடுவே ஸமத் சாவியைத் திருப்புவதுபோல் பாவனை செய்து, "எடுக்குதில்லையே புள்ளைங்களா" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் நாடகம்!

ஒருமுறை அவர் முழங்கால் வலியில் எரிச்சல்பட்டு, தள்ள விடாமல் சாவியைத் திருப்பிக் கிளப்பிவிட்டார். பதினான்குக்கு ஒன்று என்று தோற்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நுஸ்லா அழுதாள். அதற்குப் பிறகு அவர் மறுபேச்சு பேசவில்லை.

அந்த நாடகம்தான் அவர் சோற்றில் மண்ணைப் போட்டது. கல்லூரி வாசலில் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் மூச்சு வாங்க வேன் தள்ளுவதை யாரோ ஃபோனில் பிடித்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். "ஓட்டை வேன்ல புள்ளைகள ஏத்துறாரே இந்த ஆளு" என்று ஆரம்பித்தது பேச்சு. ஸமத் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்.

"வேன்ல ஒரு குறையும் இல்லங்க. புள்ளைங்க ஆசைக்குத் தள்ளுறாங்க."

"நல்லா இருக்கிற வேன யாராவது தள்ளுவாங்களா, ஸமத் நானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்லி அவமானப்படுவதைவிட வேறு என்ன கொடுமை இருக்கிறது! ஒரே மாதத்தில், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற ஹயர் முழுவதும் கைவிட்டுப் போனது. இறுதிப் போட்டிக்குக் கல்லூரி புதிய பஸ் ஒன்றை அமர்த்தியது. ஸமத் வேனைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தாலே நெஞ்சு எரிந்தது. மூன்று வாரம் அது வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

இறுதிப் போட்டி நாள் காலை. கண்டிப் பக்கம் போகவேண்டிய பஸ், எதிர்ப்பக்கம் திரும்பி அலுவிகாரையில் அவர் வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்கினார்கள். பயிற்றுநர் ஜெயந்தன் சேர் கை மணிக்கூட்டைப் பார்த்தபடி பின்னால் வந்தார்.

"வேன் அங்கிள், ஏறுங்க. தள்ளிட்டுப் போறோம்," என்றாள் வாகினி.

"என் வேன்ல போகாத ஆளுங்களுக்கு என்னத்துக்குத் தள்ளு?" என்று கேட்டார் ஸமத். "நீங்க தள்ளித் தள்ளித்தான் என் பொழப்பே போச்சு. தெரியுமா?"

பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். அங்கிளுக்கு முழங்கால் வலி, அதனால்தான் பஸ் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெயந்தன் சேர் நிலத்தைப் பார்த்தார்.

ஸமத்துக்கு ஒரு வேகம் வந்தது. இந்தா, என் வேன் ஓட்டை வேனா என்று எல்லோரும் பாருங்கள், பஸ்காரனும் பார்க்கட்டும். ஏறி உட்கார்ந்து, இந்த முறை உண்மையாகவே சாவியைத் திருப்பினார்.

டிக். அவ்வளவுதான். இன்னொருமுறை திருப்பினார். டிக். மூன்று வாரம் சும்மா கிடந்த பெட்டரி செத்துப்போயிருந்தது.

"யா அல்லாஹ்," என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார்.

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "அங்கிள் கோவம் எல்லாம் சும்மா! எப்படி நடிக்கிறாரு பாருங்கடி!" என்று ஓடிப்போய் வேனின் பின்னால் கைவைத்தார்கள். நுஸ்லா மட்டும் அசையவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிறகு அவளும் போய்த் தோள் கொடுத்தாள்.

வேன் உருண்டது. ஸமத் கிளட்சை விட்டார். இருமிக் கறுப்புப் புகை கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. "எடுத்துட்டுது!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

நுஸ்லா ஓடவில்லை. ஜன்னலருகே வந்து நின்றாள்.

"அங்கிள், எஞ்சின நிப்பாட்டிறாதீங்க. பஸ்ஸுக்குப் பின்னாலேயே வாங்க. வரும்போது நாங்க இதுலதான் வருவோம்."

பஸ் படியில் நின்ற வாகினி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! நுஸ்லா, பேசிட்டியேடி!"

"பேசினாப் பேசினதுதான்," என்று சொல்லிவிட்டு நுஸ்லா பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

ஸமத் கையால் முகத்தைத் துடைத்தார். முழங்கால் விண்ணென்று வலித்தது. உள்ளே திரும்பி, "நூருன்னிஸா, பகலைக்கு எனக்குச் சோறாக்க வேணாம்," என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கியரைப் போட்டார்.