ஞாயிற்றுக்கிழமை தானாகப் பதியும் மெஷின்

நான் போய் நின்றபோது பெரியப்பா விசிஆரின் வாய்க்குள் விரலை விட்டு டேப்பை உருவிக்கொண்டிருந்தார். கசங்கிச் சுருண்ட பழுப்பு நாடா, கோழிக்குடல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அஞ்சுகிராமம் வீட்டு முன்னறை ஷோகேஸில், பெரியம்மா பின்னிய வெள்ளை உறைக்குள் வருஷக்கணக்காகக் குடியிருந்த மெஷின் அது. பெரியம்மாவின் தம்பி துபாயிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொடுத்தது. டேப்பில் என்ன இருந்தது என்று கேட்டேன். "நியூஸு" என்றார். நியூஸ் போனதற்கா ஒரு மனுஷனுக்கு முகம் இப்படிச் செத்துப்போகும்? ஆனால் பெரியப்பாவிடம் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் வராது, வசவுதான் வரும். காப்பியைக் குடித்தேன்.

அவர் என் அப்பாவின் அண்ணன். கரண்டு ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊர்ச் சபையில் கமிட்டி மெம்பர். மிஷனரிமார் காலத்தில் கட்டிய கோயிலில் முதல் பெஞ்சின் ஓரம் அவருடைய இடம்; வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் எழுந்துபோகும்வரை பக்கத்திலேயே நிற்பார். அப்படிப்பட்டவருடைய ஒரே மகன், என் அண்ணன், பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தான். "குழந்தையில ஒருதடவ குடுத்தாச்சு. ரெண்டாம்தடவ முங்க நீ என்ன எருமையா?" என்று தெருவே கேட்கக் கத்தினார் பெரியப்பா. இனி இந்த நடையை மிதிக்காதே என்றும் சொன்னார். அண்ணனும் அவருடைய மகன்தானே, மிதிக்கவில்லை. ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கும் காற்றாடிக் கம்பெனியில் மெக்கானிக் வேலை, அங்கேயே வாடகை வீடு, கல்யாணம். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாமலே சில வருஷங்கள் ஓடிவிட்டன.

விசிஆர் செத்த மறுவாரமே பெரியப்பா எனக்குப் போன் செய்தார். டிவிடி ரெக்கார்டர் என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதை வாங்க வேண்டும், கூட வா என்றார். நாகர்கோவிலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லா மெஷினும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. ரேடியோ பேட்டரியையே மூணு வருஷத்துக்கு ஒருதடவை மாற்றும் மனுஷன். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானங்களில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அப்பப்பா, இன்று நினைத்தாலும் கால் வலிக்கிறது. கடைக்காரர்கள் படம் எவ்வளவு துல்லியம், ஹார்டு டிஸ்கில் எத்தனை மணிநேரம் கொள்ளும் என்று ஆசையாக விளக்குவார்கள். பெரியப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். குடை நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே, பேச்சு முடிவதற்குள் இரண்டே கேள்வி கேட்பார். வீட்டில் ஆளில்லாதபோது தானாகப் பதியுமா? நம் ஊர் கேபிள்காரனின் சொந்தச் சேனல் இதில் கிடைக்குமா? சில மெஷின்களுக்குச் சேனல் பிடிக்கும் சொந்த டியூனர் கிடையாது. டிவியிலோ வேறெதிலோ ஓடுவதை வயர் வழியாக வாங்கி மட்டும் பதியும். அது தெரிந்த உடனே "வா ஏட்டி" என்று இறங்கி நடந்துவிடுவார். நான் விற்பனைப் பையனிடம் அசடு வழியச் சிரித்துவிட்டுப் பின்னால் ஓடுவேன். ஒரு கடையில் எனக்கே பொறுமை போய்விட்டது. அப்படி எந்த நியூஸ் உங்களுக்குத் தப்பிப்போகிறது என்று கேட்டுவிட்டேன். அவர் வடசேரி பஸ் ஸ்டாண்டுவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

கடைசியில் டியூனரும் டைமரும் உள்ள ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் கேபிள் வயரை மாட்டி, எந்த நேரத்துக்கு வைக்க என்று கேட்டேன். பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாயித்துக்கெழம, ஒம்பதரை. லோக்கல் சேனலு" என்றார். அடுப்படி வாசலில் நின்ற பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஞாயிறு ஒன்பதரைக்கு லோக்கல் சேனலில் அந்தப் பெந்தெகொஸ்தே சபையின் ஆராதனை நேரடியாக ஓடும்; கீபோர்டு வாசித்துப் பாடுவது அண்ணன். அதே நேரத்தில் பெரியப்பா எங்கள் கோயிலின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான் என்று நான்தான் போன வாரம் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். சபையில் அவன் வாசிக்கும் கடைசி ஞாயிறு அது. விசிஆரில் சிக்கிய 'நியூஸு'ம் அவன் பாட்டுதான், பெரியம்மா காய்ச்சலில் வீட்டிலிருந்த ஒரு ஞாயிறு பதிந்தது; அவ்வளவு அலைச்சலும் அந்தப் பாட்டுக்குத்தான். எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஏறினால் பார்த்துவிடக்கூடிய மகனைப் பார்க்க மனுஷன் கடை கடையாக ஏறுகிறாரே! டைமரை வைத்தேன். பிளக் சுவிட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் உடனே பிளாஸ்திரி கொண்டுவந்து சுவிட்சின்மேல் ஒட்டினார்.

அந்த ஞாயிறு நானும் நாகர்கோவிலிலிருந்து நேரே அங்கே கோயிலுக்குப் போனேன்; பெரியம்மாவும் வந்திருந்தாள். பிரசங்கம் முழுக்க அவருடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாட்சைப் பார்ப்பதும் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக ஒரே இருப்புக்கொள்ளாமை. ஆசீர்வாதம் முடிந்ததும், கமிட்டி கூட்டம் இருக்கிறது என்று கூப்பிட்டவருக்குக் கையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தார். வீட்டு வராந்தாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல், சாவியை எடுப்பதற்கு முன்னால், சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டார். போட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

ஆயுசு முழுக்கக் கரண்டோடு புழங்கியவர். வயர் உரசிப் பற்றி எரிந்த வீடுகளைப் பார்த்தவர். வீட்டைப் பூட்டினால் மெயினை இறக்காமல் படியிறங்கமாட்டார். ஃப்ரிட்ஜில் பால் திரிந்தாலும் சரிதான். பிளக் சுவிட்சுக்குப் பிளாஸ்திரி ஒட்டிய கை, காலையில் தன் பாட்டுக்கு மெயினை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தோம். ரெக்கார்டரில் கடிகாரம் விட்டுவிட்டு மின்னியது. ஒன்றும் பதியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெரியம்மாதான் பேசினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை.

"மெஷின் பாத்துத் தரும்னு இருந்திய. பெத்தவியதானே போயிப் பாக்கணும்?"

பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவிட்சின்மேல் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தார். பிறகு குடையை எடுத்தார். யாரும் சாப்பிடவில்லை. மூன்று பேரும் பஸ் மாறி ஆரல்வாய்மொழி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டு முன்னறையில் பெட்டி திறந்து கிடந்தது, துணிகள் பாதி அடுக்கியிருந்தன. கீபோர்டு உறைக்குள் போட்டுக் கட்டியாகிவிட்டது. அண்ணன் உள்ளேயிருந்து வந்தான், வாசலிலேயே நின்றான். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பெரியப்பா உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்பாரா, திரும்பச் சண்டைக்கு நிற்பாரா என்று அவரையே பார்த்தேன்.

"காலம்பற கரண்டு போயிட்டு மக்கா" என்றார். "ஒனக்க பாட்டப் பாக்க முடியல்ல."

ஊரில் யார் எதற்குக் கரண்டைக் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிறவர் சொல்லும் பொய்யா இது! நான் தரையைப் பார்த்தேன். அது பொய் என்று அண்ணனுக்கும் தெரியும்; அஞ்சுகிராமத்தில் அவன் பாட்டைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே போன் பண்ணியிருந்தார்கள் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள். அவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமாப்பா" என்றான். "அங்க கரண்டு இல்லன்னு இங்கயும் சொன்னாவ."

குனிந்து கீபோர்டு உறையின் கட்டை அவிழ்த்தான். காலையில் பாடிய பாட்டையே பாடினான். முதல் சரணத்தில் குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடி தொடங்கினான். பெரியம்மா அழுததை மறைக்கவில்லை.

இப்போது கத்தாரிலிருந்து அண்ணன் வாராவாரம் பாடி, போனுக்கு வீடியோ அனுப்புகிறான். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் நான் பாதியில் நிறுத்திவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுகிறேன். பெரியப்பா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் கடையிலும் உட்காராத அந்த மனுஷன், அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் அண்ணன் கீபோர்டை மறுபடி உறைக்குள் வைக்கப் போனான். பெரியப்பா கையை நீட்டி அதன்மேல் வைத்தார்.

"இன்னொருக்கா பாடு."