மூடி உடைந்த மீன் பெட்டி

மரக்காணத்தில் திண்டிவனம் பேருந்து நிற்கிறது. மீன் விற்கக் கிளம்பிய ஓர் அம்மாவை நடத்துநர் ஏற்ற மறுக்கிறார். அவருடைய நீலப் பெட்டியின் மூடி உடைந்து, மீன் தண்ணீர் சொட்டுகிறது.

பெட்டி ஏது என்று கேட்கிறேன்.

"முன்னாடி ஒரு டிரஸ்ட் குடுத்ததுங்க. அவங்க அனுப்புன டிசைன் படிச்ச பொண்ணு ஒண்ணு எங்ககூடவே பஸ்ல வந்துகினு, ஒழுகாத மாதிரி செஞ்சு குடுத்துச்சு. அப்போல்லாம் சீட்டுல உக்காந்து போனோம். இப்ப வேற மூடி கேட்டா, அந்த வேலையையே நிறுத்திட்டாங்களாம்."

நடத்துநரிடம் கெஞ்சிப் பார்க்கிறேன்.

"நாத்தம்னு எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க சார்," என்கிறார் சங்கடத்துடன்.

"நீங்க ஏறுங்க, பஸ்சு போயிடும்," என்கிறார் அந்த அம்மா.

ஏறுகிறேன். பேருந்து நகர்கிறது. அவர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு வீடு மீன் கிடப்பதால் வாங்க ஆளில்லாத தன் குப்பத்துக்கே திரும்பி நடக்கிறார்.