காலி அட்டை

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று யார் சொன்னாலும், "காலி அட்டையை எடுத்துட்டு வாங்க" என்பேன். மனநலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. வாய் ஆயிரம் சொல்லும், அட்டை பொய் சொல்லாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறேன்.

குத்துக்கல்வலசையில் ஒரு வீடு. அப்பா ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. வீட்டில் அம்மாவும் பதிமூன்று வயது மகளும்தான். மகளுக்குக் கை கழுவுகிற நோய். கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் கழுவாமல் இருக்க முடியாது, கழுவினாலும் அந்த எண்ணம் போகாது. நான் முதலில் போனபோது விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரை ஒரே காலையில் தீர்த்துவிடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே ஒரு பயிற்சி. வாசலில் கிடக்கும் செருப்பைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் தொட்டுவிட்டு அவளுக்கு எதிரே உட்காருவேன். முதல் நாள் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அழுதாள், திட்டினாள், ஒருநாள் என் கையைக் கடித்தும் வைத்தாள். பங்குனி முடிவதற்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். வெடிப்பெல்லாம் ஆறி, கையால் பிசைந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் பேசி, ஜூனில் எட்டாம் வகுப்பில் உட்கார வைப்பதாக ஏற்பாடு செய்தேன்.

தெருவுக்கு விஷயம் தெரியக் கூடாது என்பது அந்த அம்மாவின் ஒரே நிபந்தனை. அதனால் தெருமுனையிலேயே அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். நான் பண்பொழியிலிருந்து வரும் ஒன்றுவிட்ட அக்கா என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, பண்பொழிப் பக்கம் தன் மகனுக்குப் பெண் இருக்கிறதா என்று கேட்டார். நானும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். நடிப்புதான், ஆனால் போகப்போக எனக்கே அது உறவாகிவிட்டது. அம்மா என்னை அக்கா என்றாள், மகள் முறை தவறாமல் பெரியம்மா என்றாள். நான் போகிற சனிக்கிழமைகளில் எனக்கென்று இரண்டு தோசை எடுத்து வைத்திருப்பார்கள். மற்ற வீடுகளில் பிடிவாதம் பிடிக்கும் அம்மாக்களிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்கா, அவளப் பாத்துப் படிங்க" என்பேன்.

பிறகு எனக்குக் கடையநல்லூர்ப் பக்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருவதெல்லாம் முடியாத காரியமானது. இவள்தான் தேறிவிட்டாளே என்று செருப்புப் பயிற்சியை அம்மாவிடம் விட்டுவிட்டேன். போவேன், அட்டையை எண்ணுவேன், நோட்டில் எழுதுவேன், கிளம்பிவிடுவேன். "ஸ்கூலுக்குப் போறாளா?" என்றால், "ஒழுங்கா போயிட்டு வாராக்கா" என்பாள் அம்மா. "மாத்திர போட்டியாட்டி?" என்றால், "போட்டேன் பெரியம்மா" என்பாள் மகள். அட்டையும் அதையேதான் சொன்னது.

ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் மதுரையிலிருந்து என் கணவர் வீட்டு ஆட்கள் குளிக்க வந்தார்கள். கூட்டம் சேருமுன் போய்விடலாம் என்று வியாழக்கிழமை விடிந்ததும் மெயின் அருவிக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் பக்கத்தில் ஒரே விசில் சத்தம். தண்ணீர் கூடுகிறது, வெளியே வாருங்கள் என்று பெண் போலீஸ் கத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் அருவிக்கு அடியில் இரண்டு கைகளையும் ஏந்தி நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. அதன் அம்மா இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள், அது பாறையில் காலை ஊன்றிக்கொண்டு அலறுகிறது. "இன்னும் போகலம்மா! இன்னும் போகல!"

குரல் காதில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண் போலீஸ்தான் உள்ளே போய்த் தூக்கி வந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா முதலில் செய்த காரியம், மகளின் கைகளைத் துண்டால் மூடியது. நான் துண்டை இழுத்தேன். பழையபடி வெடித்து, வெள்ளை வெளேரென்று ஊறிப்போய் இருந்தன.

"மாத்திர?" என்றேன்.

"அது சூடுக்கா. அருவித் தண்ணி குளிர்ச்சி. ரெண்டும் சேராதுன்னு சொன்னாவ. ஒரு மண்டலம் விடாம தலைக்கு ஊத்துனா தெளிஞ்சிரும்னாவ. இன்னைக்கு இருவத்திமூணு நாளு. இவ உள்ள நின்னா வெளிய வர மாட்டேங்கா."

"அப்ப நான் எண்ணுன அட்ட?"

"தெனம் ராத்திரி ஒண்ணு பிதுக்கி டப்பால போட்டேன். நீங்க எண்ணுவியள்லா."

இருபத்திமூன்று நாளும் ஒருநாள் தவறாமல், டாக்டர் சொன்ன நேரத்துக்கு, என்னை ஏமாற்ற மாத்திரை பிதுக்கியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே என்று கத்தினேன். தெருவில் ஒன்றுவிட்ட அக்காவாக நடித்தவள், தலையில் எண்ணெயோடு நின்ற என் சொந்தக்காரர்கள் எதிரே, அத்தனை கூட்டத்தின் எதிரே, நர்ஸாக நின்று கத்தினேன். செய்திருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேலையும் தெரியவில்லை, விதிமுறையும் தெரியவில்லை. தோசைதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். வீட்டுக்குப் போனபோது அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். குப்பையில் போட மனசு வரவில்லையாம். மகள் பள்ளிக்கூடம் ஜூனில் மூன்றே நாள்தான் போயிருக்கிறாள். இனி எப்போது போவாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மாவைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொண்டேன். மகளைத்தான் தாங்க முடியவில்லை.

"நீயுமாட்டி? என் மூஞ்சியப் பாத்துப் போட்டேன் பெரியம்மான்னு சொன்னியே."

அவள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்ம சொல்லச் சொன்னா. ஆனா நான் ஒங்ககிட்ட கைய நீட்டுனேம்லா."

"எப்ப?"

"போன தடவ. நீங்க அட்டைய எண்ணி முடிச்சிய. நான் ரெண்டு கையையும் நீட்டுனேன். நீங்க அட்டைய அதுல வச்சிட்டுப் போய்ட்டிய."

ஆமாம், நீட்டினாள். குப்பையில் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "சமத்து" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கைகள் அன்றைக்கு எப்படி இருந்தன என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அட்டையில் பத்தும் காலி என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.