குண்டலினி என்று நினைத்தேன்

மலேசியாவில், பாக்கார் ஆராங்கில் உள்ள என் வீட்டுக் கூடத்தில் பதினைந்து ஆண்டுகளாகத் தியான வகுப்பு நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலை வகுப்பில் கண்மூடி அமர்ந்திருந்தபோது உச்சந்தலை கொதித்தது. இடது கை மரத்துப்போனது. குண்டலினி எழுந்துவிட்டதென்று பூரித்துப்போய் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள்.

தாதியாக வேலை செய்யும் மாணவி மேரி மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, இது பிரஷர் மாதிரி இருக்குலா. வாங்க, காடியில ஏறுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சீறினேன். அவள் விடவில்லை, கையைப் பிடித்துத் தன் காரில் ஏற்றிக் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். இன்னும் தாமதித்திருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "அன்னிக்குத் தலைக்கு ஏறினது பிரஷரும் என் ஆணவமும்தான். மேரிதான் என்னைக் காப்பாத்துனா." ஒருவர்கூட வகுப்பை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடப் பயிற்சியில் நான் பெருமைப்படுவது அந்த நாளை நினைத்துத்தான்.

இப்போது தியானத்துக்கு முன் மேரி எல்லோருக்கும் பிரஷர் பார்க்கிறாள். முதலில் கை நீட்டுவது நான். போன மாதம் ஒரு மாணவரை நேரத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பினோம்; அவர் நலமாகத் திரும்பி வந்துவிட்டார்.