நான்கு போல்ட்டுகளும் பின்னிருக்கையும்

பழைய விமானங்களை அருங்காட்சியகங்கள் பறக்கவிடலாமா என்று யார் கேட்டாலும் பறக்கவிட வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவது நானாக இருந்தால், நான் சொல்லும் நிலையில்தான் அது பறக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். நான் படித்து விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆனேன். சனிக்கிழமைகளில் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்தின் கொட்டகைக்குப் போவேன். அங்கே இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய பயிற்சி விமானம் ஒன்றை இரண்டு வருடமாகச் சீர்செய்துகொண்டிருந்தோம்.

கடைசியில் மிஞ்சியவை இறக்கையை உடலோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகள். துடைத்தால் பளபளத்தன. ஆனால் எப்போது செய்தவை, எவ்வளவு நேரம் பறந்தவை என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. எங்கள் தொழிலில் தாள் இல்லாத உதிரிபாகத்தை நம்ப மாட்டோம். மாற்ற வேண்டும் என்றேன். அருங்காட்சியகத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழ் விமானி. அசல் போல்ட் போனால் அசல் விமானமே போய்விட்டது என்றார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் விமானத்தைக் கூரையில் சங்கிலியால் தொங்கவிடுவதாகவும், பிறகு அது பறக்கவே பறக்காது என்றும் சொன்னார்.

“எத்தனை வருஷமா தாங்கின போல்ட்டும்மா.”

“அதுல பாதி வருஷம் தரையில நின்னுதானே சார் தாங்குச்சு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. சீர்செய்த விமானம் முதன்முறை மேலே ஏறும்போது, கையெழுத்துப் போட்டவர் பின்னிருக்கையில் உட்காருவது எங்கள் கொட்டகை வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டார்.

“பின்சீட்டுல உட்கார பயம்னு நேரா சொல்லேன் லா.”

“புது போல்ட்டு போடுங்க, நான் உட்கார்றேன். பழசோடதான் பறக்கணும்னா வேற கையெழுத்து தேடுங்க சார். தேடிட்டு அந்த சீட்டுல நீங்க உட்காருங்க.”

அவர் அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க, என் பிடிவாதத்தாலேயே என் விமானம் கூரைக்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, “இறக்கை கழண்டா அசல்னு சொல்லியா சமாளிப்பாரு?” என்று கேட்டுவிட்டு நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை, புது போல்ட்டுகளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார் தலைவர், என் முகத்தைப் பார்க்காமல். அவை தாள்களோடு வந்தன. பூட்டினேன், சோதித்தேன், கையெழுத்துப் போட்டேன். பறக்க அனுமதி கிடைத்த அன்று பின்னிருக்கையில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டேன். விமானம் எழும்பியது. இறக்கையைப் பார்த்தேன். அசையவில்லை.

பழைய போல்ட்டுகள் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. புது போல்ட்டு போட்டதால் இது அசல் இல்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் பின்னிருக்கையில் உட்கார்ந்ததில்லை.