மைதாப் பசையும் மூன்று கட்டு லேபிளும்

என் வீட்டுக்காரரை, "விழுந்து விழுந்து பாடம் கத்துக்கிட்ட மனுஷன்" என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுந்தது வாஸ்தவம். பாடமா? அவரா? நல்ல கதை!

ஜவுளிக்கடை குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, பாலக்கரை வீட்டின் பின்கட்டில் அவர் சொந்தத் தொழில் ஆரம்பித்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். டீச்சர் ட்ரெயினிங் போகவேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. "இந்தத் தொழில் நிக்கட்டும், அப்புறம் நீ போ" என்றார். நிற்கிற தொழிலா அது?

எதைச் செய்தாலும் முதலில் லேபிளை அடித்துவிடுவார். சரக்கெல்லாம் பிறகுதான். மலைக்கோட்டைப் படம் போட்ட லேபிள் கட்டாக வந்து இறங்கிய பிறகு, பேனா மை காய்ச்ச உட்கார்ந்தார். அந்த மை பேனாவுக்குள் போனால் வெளியே வராது. வந்தால் சட்டைப் பையில்தான் வரும். ஸ்கூல் வாத்தியார்கள் பாட்டிலோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்தது பல்பொடி. தேய்த்தவர்களுக்கெல்லாம் ஈறில் ரத்தம். ஒவ்வொரு தடவையும், "இதுல ஒரு பாடம் கத்துக்கிட்டேன்" என்பார். கற்றதெல்லாம் லேபிளின் கலரை மாற்ற. உட்கார்ந்து ஒட்டுகிற வேலை மட்டும் எனக்கு. மைதாவில் பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தமும், பிடித்து நிற்கப் படிகாரமும் போட்டு நானே பசை காய்ச்சுவேன்.

மூன்றாவது ஊதுபத்தி. ஸ்ரீரங்கத்தில் விற்பதற்காகப் பள்ளிகொண்ட பெருமாள் படம் போட்டு லேபிள் அடித்தார். அதைப் பாக்கெட்டின் வாயை மூடி ஒட்டவேண்டுமாம்.

"ஏங்க, பிரிக்கிறவங்க சாமியைக் கிழிச்சுத்தானே பிரிக்கணும்? நம்ம மாதா படம்னா கிழிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"உனக்கு வியாபாரம் தெரியாது, பேசாம ஒட்டு" என்றார். தெரியாதுதான். தலைக்குள் கொஞ்சம் மூளை இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கடை வாசலில் ஒரு மாமி பிரிக்காத பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பெருமாளைக் கிழிச்சுண்டா பத்தி எடுக்கணும்? நன்னாருக்கே! எந்தப் புண்ணியவான் பண்ணினது இது?"

புண்ணியவான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று. உள்ளுக்குள் திருப்தியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடைக்காரர் லேபிளை முழுசாக எடுத்துவிடலாமா என்று பார்த்தார். நகத்தால் நெம்பினார், கத்தி முனையால் நெம்பினார். ஓரம்கூட எழும்பவில்லை. கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார். "பத்தியை நீங்களே எடுத்துண்டு போங்கோ. இந்தப் பசை எங்கே வாங்கினேள்? அதைக் கொண்டு வாங்கோ. பொட்டலம் போட, கணக்கு நோட்டு ஒட்ட, எல்லாத்துக்கும் ஆகும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "பாத்தியா, பசையிலதான் நம்ம எதிர்காலம் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன். நாளையிலேருந்து நீ தினம் ரெண்டு அண்டா காய்ச்சணும்."

கண்டுபிடித்தாராம்!

அந்த வாரமே எனக்கு ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. நான் படித்த கான்வென்ட் மதர் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த இடம். "இதுதான் கடைசி. இனிமே கேட்டு வராதே" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இப்ப பசை முக்கியம்."

நான் டிரங்குப் பெட்டியை எடுத்தேன்.

"நீ போயிட்டா யார் காய்ச்சுறது?"

"அடுப்பு இருக்கு, மைதா இருக்கு, கையும் இருக்கு. நீங்க காய்ச்சுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

மூன்றாவது வாரம் ஹாஸ்டலுக்கு அவர் கடிதம் வந்தது, கவர் வாயைப் பிளந்துகொண்டு. அவர் காய்ச்சிய பசையால் ஒட்டியிருக்கிறார். வார்டனிலிருந்து சமையல்காரம்மா வரை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். "பசை நிக்க மாட்டேங்குது. இதுல ஒரு பாடம் கத்துக்கிட்டேன். ஜவ்வரிசி வத்தல் போடலாம்னு இருக்கேன். நாளைக்கு லேபிள் அடிக்கக் கொடுக்கிறேன். நீ படிப்பை விட்டுட்டு வந்துடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். துத்தம் எவ்வளவு, படிகாரம் எவ்வளவு, முதல் கொதியில் இறக்காமல் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டவேண்டும் என்று எல்லாம் எழுதினேன். அடியில், 'நான் வரமாட்டேன்' என்று எழுதினேன். ஹாஸ்டல் அடுப்பில் ஒரு கரண்டிப் பசை காய்ச்சிக் கவரை ஒட்டி அனுப்பினேன்.

பதில் வந்தது. கவரைப் பிரிக்கமுடியாமல் இழுத்ததில் கடிதமும் கிழிந்துவிட்டதாம். 'வரமாட்டேன்' என்ற துண்டு மட்டும்தான் உருப்படியாகத் தேறியதாம். "சரி, நீ படி. பசைக்கு என்ன போடணும்னு மட்டும் இன்னொரு தடவை எழுது" என்று கேட்டிருந்தார்.

கீழே, கோணல் கையெழுத்தில் இன்னொரு வரி: "லேபிள் இன்னும் அடிக்கலை."